எட்டாம் எண் சட்டை

1966 ஜூலை 30 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்து உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது, அந்நாட்டின் தலைசிறந்த கோலடிப்பாளர் ஜிம்மி கிரீவ்ஸ் கோட்டும் டையுமாக எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். நாட்டுக்காக 57 ஆட்டங்களில் 44 கோல் என்று பிற்பாடு கணக்கு முடித்தவர் அவர். அவருக்குப் பதிலாக இறங்கிய ஜெஃப் ஹர்ஸ்ட் அன்று மூன்று கோல் அடித்தார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அப்படி ஒன்று மறுபடி நடக்க 2022-இல் பிரான்ஸின் எம்பாப்பே வரவேண்டியிருந்தது. கிரீவ்ஸை உட்கார வைத்தது சரியா தவறா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்னும் ஓயவில்லை. சரி என்பவர்கள் ஹர்ஸ்டின் மூன்று கோலைக் காட்டுகிறார்கள். தவறு என்பவர்கள் கிரீவ்ஸின் 44 கோலைக் காட்டுகிறார்கள். இரண்டுமே இந்த வழக்கில் செல்லாத சாட்சிகள் என்பது என் கட்சி. பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே எடுத்த முடிவு சரியானதுதான். ஆனால் அதைச் சரியாக்கியது ஹர்ஸ்டின் காலும் தலையும் அல்ல. அந்தக் காலத்துக் கால்பந்தின் ஒரு விதி. இறங்கும் பதினொரு பேரே ஆட்டத்தை முடித்தாக வேண்டும், நடுவில் மாற்று ஆள் கிடையாது என்பதே அந்த விதி.

இன்றைக்குத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இந்த விதியின் கொடூரம் எளிதில் பிடிபடாது. முட்டி பிசகினாலும் கணுக்கால் சுளுக்கினாலும் அணிக்குப் புது ஆள் வரமாட்டார். பத்துப் பேரோடு ஆட வேண்டும், அல்லது அடிபட்டவரையே மைதானத்தின் ஓரமாக நிறுத்தி வைக்க வேண்டும். அப்படி நொண்டிக்கொண்டு நிற்பவரை ஆங்கிலேயர்கள் பயணி என்று சொல்வார்கள்: வண்டியில் ஏறியிருக்கிறார், இழுப்பதற்கு உதவமாட்டார். 1950-களில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்கள் கிட்டத்தட்ட இந்த விதியின் விளம்பரமாகவே அமைந்தன. 1956-இல் மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் ட்ரவுட்மன் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் உடைந்த கழுத்தோடு ஆடி முடித்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு உடைந்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் கோல் காக்கப் போனார், யுனைடெட் தோற்றது. 1959-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் ராய் ட்வைட் (பாடகர் எல்டன் ஜானின் உறவுக்காரர்) முதல் கோலை அடித்துவிட்டுக் கால் முறிந்து வெளியேறினார். மிச்ச நேரம் பத்துப் பேராக ஆடியும் ஃபாரஸ்ட் ஜெயித்தது. அது விதிவிலக்கு. 1960-இல் பிளாக்பர்னுக்கும் 1961-இல் லெஸ்டருக்கும் அதே மாதிரி ஆள் போய்த் தோல்விதான் மிஞ்சியது. இங்கிலாந்து லீக்கில் 1965-66 பருவத்தில்தான் அடிபட்டவருக்கு மட்டும் ஒரே ஒரு மாற்று ஆள் என்று அனுமதித்தார்கள். 1965 ஆகஸ்ட் 21 அன்று சார்ல்டன் அத்லெடிக்கின் கீத் பீகாக் அப்படி இறங்கிய முதல் ஆள். உத்திக்காக ஆளை மாற்றலாம் என்பதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1966 உலகக் கோப்பையில் அந்த ஒரு மாற்று ஆள்கூட இல்லை.

விதி இப்படி இருக்கும்போது தொடக்க அணியில் ஓர் இடம் என்பது விருது ஆகாது, பணயம் ஆகும். இதை ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் உணரவில்லை என்பதற்கு அவர்கள் அணி தேர்ந்த முறையே அத்தாட்சி. 1946 முதல் 1962 வரை வால்டர் வின்டர்பாட்டம் தேசிய அணியின் மேலாளர். ஆனால் பதினொரு பேரைத் தீர்மானிப்பது அவரல்ல. கால்பந்துச் சங்கத்தின் தேர்வுக் குழு. 1950 உலகக் கோப்பைக்குப் பிரேசில் போன இங்கிலாந்து அணிக்கு ஆர்தர் ட்ரூரி என்ற ஒரே தேர்வாளர் உடன் போனார். முதல் ஆட்டத்தில் சிலியை 2-0 என்று வென்றதும், ஜெயித்த அணியைக் கலைக்கக் கூடாது என்று அதே பதினொருவரையே அமெரிக்காவுக்கு எதிராகவும் இறக்கினார். நாட்டிலேயே மக்கள் அதிகம் கொண்டாடிய ஆட்டக்காரரான ஸ்டான்லி மாத்யூஸ், அப்போது வயது 35, வெளியே உட்கார்ந்திருந்தார். ஜூன் 29 அன்று பெலோ ஒரிசோன்டேயில் அமெரிக்காவின் ஜோ கேட்ஜென்ஸ் 38-வது நிமிடத்தில் தலையால் ஒரு கோல் அடித்தார். அதற்குப் பிறகு ஐம்பது நிமிடத்துக்கு மேல் மீதி இருந்தது. மாற்று ஆள் விதி இருந்திருந்தால் மாத்யூஸ் இறங்கியிருப்பார். இல்லாததால் அவரால் பார்க்கத்தான் முடிந்தது. ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. அன்று இங்கிலாந்துக்காக வலப்பக்கத் தடுப்பில் ஆடிய ஒருவரின் பெயர் ஆல்ஃப் ராம்சே. பதினாறு ஆண்டு கழித்துக் கிரீவ்ஸை உட்கார வைத்தவரும் அவரேதான். இப்ஸ்விச் டவுனை 1962-இல் லீக் சாம்பியன் ஆக்கிவிட்டு தேசிய அணிப் பொறுப்பை ஏற்றபோது, அணியை நான் மட்டுமே தேர்வேன் என்று அவர் நிபந்தனை வைத்ததில் வியப்பு இல்லை.

கிரீவ்ஸ் மக்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ராம்சே எதைத் துறந்தார் என்று விளங்காது. 1957-இல் பதினேழு வயதில் செல்சிக்காக முதல் ஆட்டம், முதல் ஆட்டத்திலேயே கோல். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஆறு பருவங்களில் அதிக கோல் அடித்தவர். அந்த டிவிஷனில் அவர் அடித்த மொத்தம் 357 கோல். 1961-இல் ஏ.சி. மிலானுக்குப் போய், அங்கே பிடிக்காமல் அதே ஆண்டு டிசம்பரில் திரும்பியபோது டோட்டன்ஹாம் அவருக்குக் கொடுத்த விலை 99,999 பவுண்டு. ஒரு லட்சம் பவுண்டு ஆட்டக்காரர் என்ற சுமை அவர் தலையில் ஏற வேண்டாமென்று மேலாளர் பில் நிக்கல்சன் ஒரு பவுண்டைக் குறைத்துக்கொண்டாராம். ஓட்டமும் உடல் மோதலும் அவருடைய வழி அல்ல. பெனால்டி பகுதிக்குள் எங்கேயோ நின்றிருப்பார், பந்து வந்த அடுத்த கணம் வலைக்குள் தள்ளிவிடுவார். அடிப்பதுகூட இல்லை, நகர்த்தி வைப்பதுதான். 1962 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலோடு ஆடும்போது மைதானத்துக்குள் புகுந்த நாயைக் கைகால் ஊன்றித் தவழ்ந்து பிடித்தவரும் இவர்தான். நாய் நன்றிக்கடனாக அவர் சட்டையை நனைத்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவரை மக்கள் விரும்பாமல் என்ன செய்வார்கள்.

ஆனால் 1966 போட்டித் தொடருக்குள் அவர் வந்த நிலையை விருப்பு வெறுப்பின்றிப் பார்க்க வேண்டும். முந்தைய இலையுதிர் காலத்தில் மஞ்சள் காமாலை கண்டு சுமார் மூன்று மாதம் ஆடாமல் இருந்தார். தொடருக்குச் சற்று முன், ஜூன் 29 அன்று ஆஸ்லோவில் நார்வேயை 6-1 என்று வென்றபோது நான்கு கோல் அடித்தது உண்மை. அவரை ஆதரிப்பவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான். நார்வே அன்று ஐரோப்பாவின் வலுவான அணிகளில் ஒன்று அல்ல. உருகுவே, மெக்சிகோ, பிரான்ஸ் என்று தொடரின் முதல் மூன்று ஆட்டங்களிலும் கிரீவ்ஸ் இறங்கினார், ஒரு கோலும் இல்லை. அதே மூன்று ஆட்டங்களில் முன்வரிசையில் அவரோடு ஆடிய ரோஜர் ஹன்ட் மூன்று கோல் அடித்தார். 1962, 1966 இரண்டையும் சேர்த்தால் உலகக் கோப்பையில் கிரீவ்ஸின் மொத்தக் கணக்கு ஏழு ஆட்டம், ஒரு கோல். ஏழு ஆட்டம் சிறிய எண்ணிக்கை, அதை வைத்து ஒருவரைத் தள்ளக் கூடாது என்பது நியாயம்தான். நானும் அதை மட்டும் வைத்துத் தள்ளமாட்டேன். ராம்சேயும் அப்படித் தள்ளவில்லை. தொடருக்குமுன் சட்டை எண் கொடுத்தபோது கிரீவ்ஸுக்கு 8, ஹர்ஸ்டுக்கு 10, ஹன்ட்டுக்கு 21. கிரீவ்ஸின் சட்டை ஒன்று முதல் பதினொன்றுக்குள் இருந்தது. அதை அவரிடமிருந்து பிடுங்கியது ஒரு காயம்.

ஜூலை 20 அன்று பிரான்ஸின் ஜொசஃப் பொன்னெல் பந்துக்காக நீட்டிய கால் கிரீவ்ஸின் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைக் கிழித்தது, பதினான்கு தையல். 23-ஆம் தேதி அர்ஜென்டினாவுக்கு எதிரான காலிறுதிக்கு அவர் இல்லை. உள்ளே வந்த ஹர்ஸ்ட் 78-வது நிமிடத்தில் ஒரே கோலைத் தலையால் அடித்தார். 26-ஆம் தேதி போர்ச்சுகலை 2-1 என்று வென்றார்கள். பாபி சார்ல்டன் அடித்த இரண்டாவது கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தது ஹர்ஸ்ட். 30-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியோடு இறுதி ஆட்டம். காயம் ஆறிவிட்டது, ஆடத் தயார் என்பது கிரீவ்ஸின் நிலை. தையல் போட்டுப் பத்து நாள் ஆன கால், அந்தப் பத்து நாளில் ஒரு ஆட்டம்கூட ஆடாத கால்.

இந்த இடத்தில் சில நாள் பின்னே போய், ஜூலை 19 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கிரீவ்ஸ் அடிபடுவதற்கு முந்தைய நாள் மாலை அது. பிரேசிலின் பீலே முதல் ஆட்டத்தில் பல்கேரியர்களிடம் உதை வாங்கி, ஹங்கேரிக்கு எதிராக ஆட முடியாமல் வெளியே இருந்தார். பிரேசில் 3-1 என்று தோற்றது. போர்ச்சுகலை வென்றே ஆக வேண்டிய நிலையில், முழுதாகத் தேறாத பீலேயைத் திரும்ப இறக்கினார்கள். உலகத்திலேயே சிறந்தவர், வேறென்ன செய்வது என்றுதான் யாருக்கும் தோன்றும். போர்ச்சுகலின் மொராயிஸ் அவரை அடுத்தடுத்து உதைத்துச் சாய்த்தார். காலில் கட்டோடு திரும்பி வந்த பீலே மீதி நேரம் முழுக்க ஓரத்தில் நொண்டிக்கொண்டு நின்றார். மாற்று ஆள் இல்லை. பிரேசில் மறுபடி 3-1 என்று தோற்று ஊர் திரும்பியது. ஆறும் ஆறாத ஒரு காலை உலகக் கோப்பை ஆட்டத்தில் இறக்கினால் விலை என்ன என்பதை இதைவிட அப்பட்டமாக யாரும் காட்ட முடியாது. அது நடந்து பதினோரு நாள்கூட ஆகவில்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குப் பதினான்கு தையல் போட்ட கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? ஐந்தாவது நிமிடத்தில் அந்தத் தையல் பிரிந்திருந்தால் இங்கிலாந்து பத்துப் பேரோடு எண்பத்தைந்து நிமிடம் ஆடியிருக்க வேண்டும். கூடுதல் நேரமும் வந்தது. ஆக நூற்றுப் பதினைந்து.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது ஒன்று உண்டு. ஹர்ஸ்டை எடுக்கச் சொல்லவில்லை, ஹன்ட்டை எடுத்துவிட்டுக் கிரீவ்ஸைப் போட்டிருக்கலாமே என்பது அது. ஹன்ட்டைப் பத்திரிகைகள் பெரிதாக மதித்ததில்லை. ஓடுவார், இடிப்பார், எதிரணியை இழுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான் என்றார்கள். அந்த அவ்வளவுதான் என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. குழுநிலை ஆட்டங்களில் கானலி, பெயின், கலகன் என்று ஆட்டத்துக்கு ஒரு விங்கரை முயன்று பார்த்த ராம்சே, காலிறுதி முதல் விங்கரே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆலன் பாலும் மார்ட்டின் பீட்டர்ஸும் நடுவிலிருந்து பக்கவாட்டுக்கு ஓடி இறங்க, முன்னால் இருக்கும் இருவர் ஓயாமல் நகர்ந்து அவர்களுக்கு இடம் திறந்துவிட வேண்டும். நின்ற இடத்திலிருந்து கோல் கண்டுபிடிக்கும் கிரீவ்ஸின் கலை இந்த அமைப்பில் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் மற்ற ஒன்பது பேர் அவருக்காக ஓடினால். கிரீவ்ஸ் ஹன்ட்டைவிடப் பல மடங்கு திறமைசாலி. ஹன்ட்டின் வேலையைச் செய்யக்கூடியவர் அல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம்.

இன்னொரு மறுப்பு என் கட்சிக்குக் கொஞ்சம் சங்கடமானது. ஜெயித்த அணியை மாற்றாதே என்று 1950-இல் ட்ரூரி செய்ததும் 1966-இல் ராம்சே செய்ததும் ஒன்றுதானே. ஒன்றைத் தவறு என்றும் மற்றதைச் சரி என்றும் எப்படிச் சொல்வது? வெளியே பார்த்தால் ஒன்றுதான். மாத்யூஸுக்குக் காலில் தையல் இல்லை என்பது முதல் வேறுபாடு. ட்ரூரியின் அணி வென்றிருந்தது ஒரே ஒரு ஆட்டம், அதிலும் யாரும் வியக்கும்படி ஆடவில்லை. ராம்சேயின் அணி அர்ஜென்டினாவையும், அந்தத் தொடரிலேயே அதிகம் கோல் குவித்த போர்ச்சுகலையும் தாண்டி வந்திருந்தது. ட்ரூரி ஒரு பழமொழியைப் பின்பற்றினார். ராம்சே தன் கையால் கட்டிய அமைப்பைக் காத்தார். மாத்யூஸை அன்று இறக்கியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக அவரை இறக்கியும் இங்கிலாந்து 1-0 என்று தோற்றது என்பது இதை மாற்றாது.

அதே காரணத்தால் ஹர்ஸ்டின் மூன்று கோலும் எதையும் நிரூபிக்காது. பலனைக் கண்டபிறகு முடிவை மெச்சுவது, சீட்டு விழுந்தபின் பந்தயக்காரனை ஞானி என்பது போல. ஜூலை 29 அன்று இரவு ராம்சேக்குத் தெரிந்திருந்தது என்ன? ஹர்ஸ்ட் இங்கிலாந்துக்கு ஆடியது ஏழே ஆட்டம். பிப்ரவரியில்தான் அறிமுகம். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் என்று எந்தச் சோசியரும் சொல்லியிருக்கமாட்டார். இரண்டாவது கோலில் மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்த பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை சோவியத் லைன்ஸ்மன் பஹ்ராமோவ் தலையாட்டித் தீர்த்துவைத்தார். ஜெர்மானியர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதல் கோல் வேறு ரகம். 18-வது நிமிடத்தில் ஃப்ரீகிக் கிடைத்ததும் கேப்டன் பாபி மூர் தாமதிக்காமல் பந்தை வைத்தார், நிமிர்ந்து பார்த்தார், பெனால்டி பகுதியின் காலியான மூலையில் போட்டார். அங்கே ஓடி வந்துகொண்டிருந்த ஹர்ஸ்ட் தலையால் தள்ளினார். இருவரும் வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர்கள். கிளப் பயிற்சியில் எத்தனையோ தடவை செய்தது. ராம்சே நம்பியது இந்தப் புரிதலை, அதற்கு மேல் வந்தது அதிர்ஷ்டம்.

விதி மாறினால் கேள்வியும் மாறும் என்பதற்கு நான்கே ஆண்டு கழித்து மெக்சிகோவில் சாட்சி கிடைத்தது. 1970 உலகக் கோப்பையில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு மாற்று ஆட்கள். மே 31 அன்று சோவியத்தின் அனடோலி புசாக் உலகக் கோப்பையின் முதல் மாற்று ஆட்டக்காரர் ஆனார். இத்தாலியிடம் அப்போது இரண்டு ரத்தினங்கள்: மிலானின் ஜியானி ரிவேரா, 1969-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதான பாலன் தோர் பெற்றவர், இன்டரின் சாண்ட்ரோ மாட்ஸோலா. இருவரும் சேர்ந்து ஆடினால் பந்து பறிபோகும்போது தடுக்க ஆளில்லை என்று பயிற்சியாளர் வால்கரெஜ்ஜி கருதி, முதல் பாதிக்கு மாட்ஸோலா, இரண்டாம் பாதிக்கு ரிவேரா என்று பங்கிட்டார். இத்தாலியர்கள் இதற்குத் தொடர் ஓட்டம் என்று பெயர் வைத்தார்கள். காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிராக இடைவேளையில் 1-1. ரிவேரா இறங்கினார், தானும் ஒரு கோல் அடித்தார், முடிவு 4-1. ஜூன் 17 அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகவும் இடைவேளையில் இறங்கி, கூடுதல் நேரத்தில் 111-வது நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தார். 4-3. அதே ஆட்டத்தில் ஜெர்மனி இரண்டு மாற்றையும் செலவழித்துவிட்டதால், தோள் பிசகிய பெக்கன்பாவர் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு கடைசிவரை ஓடினார். பெஞ்ச் வந்தாலும் பெஞ்ச் தீர்ந்துவிட்டால் கதை பழையதுதான்.

நான்கு நாள் கழித்து ஆஸ்டெக்கா மைதானத்தில் பிரேசிலோடு இறுதி ஆட்டம். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரம், முந்தைய ஆட்டத்தில் 120 நிமிடம் ஓடிய கால்கள், இடைவேளையில் 1-1. ரிவேராவைத் தொடக்கத்திலேயே இறக்கியிருக்க வேண்டும் என்று இத்தாலி முழுக்கக் கத்தியது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அவரைக் காத்து வைத்து இறக்கியதுதான் இரண்டு ஆட்டத்தை வென்று தந்தது. ஆனால் காத்து வைத்ததை எடுக்காமலே விட்டதற்கு மன்னிப்பு இல்லை. 66-வது நிமிடத்தில் ஜெர்சன், 71-இல் ஜெயர்சின்ஹோ. 3-1 ஆகியும் ரிவேரா உட்கார்ந்தே இருந்தார். 84-வது நிமிடத்தில் போனின்சென்யாவை எடுத்துவிட்டு அவரை இறக்கினார்கள். மாட்ஸோலா அன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், அவரை எப்படி எடுப்பது என்பது வால்கரெஜ்ஜி தரப்பு வாதம். போனின்சென்யாவை 84-இல் எடுக்க முடிந்தது என்றால் 60-இலும் எடுத்திருக்க முடியும். ஆட்டம் 4-1 என்று முடிந்தது. ரோம் விமான நிலையத்தில் அணியைத் தக்காளிகள் வரவேற்றன. ஆறு நிமிடம் என்றால் இத்தாலியில் இன்றும் வயதானவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

கிரீவ்ஸுக்கு 1966-இல் ஒரு பெஞ்ச் இருந்திருந்தால் அவர் ரிவேராவாக இருந்திருப்பார் என்பதே என் தீர்ப்பு: தொடக்கத்தில் ஹர்ஸ்ட்தான், 89-வது நிமிடத்தில் வேபர் சமன் செய்து ஜெர்மானியர்களும் ஆங்கிலேயர்களும் புல்லில் சாய்ந்து கிடந்த இடைவெளியில் புதுக் கால்களோடு கிரீவ்ஸ். 1995 முதல் மூன்று மாற்று, பெருந்தொற்றுக்குப் பின் ஐந்து மாற்று என்று ஆகிவிட்ட இன்றைய கால்பந்தில் இது எந்தப் பயிற்சியாளருக்கும் யோசிக்க வேண்டாத முடிவு. ராம்சேக்கு அந்த வசதி இல்லை.

அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு கிரீவ்ஸ் இங்கிலாந்துக்காக ஆடியது மூன்றே ஆட்டம். அவற்றில் ஒன்று, 1967 ஏப்ரல் 15 அன்று வெம்ப்ளியில் ஸ்காட்லாந்திடம் உலக சாம்பியன் 3-2 என்று தோற்றது. அதில் கால்விரல் முறிந்த ஜாக் சார்ல்டன் முன்வரிசையில் நொண்டிக்கொண்டே ஆடினார். மே மாதம் ஆஸ்திரியாவுக்கு எதிராக ஆடியதோடு கிரீவ்ஸின் கணக்கு மூடப்பட்டது. 1966-இல் பதக்கம் இறுதி ஆட்டத்தில் ஆடிய பதினொருவருக்கு மட்டும். வெளியே நின்றவர்களுக்கும் தரலாம் என்று ஃபிஃபா பின்னாளில் முடிவு செய்ய, 2009 ஜூனில் லண்டன் டவுனிங் தெருவில் பிரதமர் கார்டன் பிரவுன் கையிலிருந்து கிரீவ்ஸ் அதை வாங்கிக்கொண்டார். 2014-இல் அதை ஏலத்தில் விற்றார். 44,000 பவுண்டுக்குப் போனது.